பாட்டில் எங்கே?

என் சமையலறை மேடைக்குக் கீழே இப்போது பதினோரு காலி பாட்டில்கள் இருக்கின்றன. அகன்ற வாய், தகர மூடி, அரை லிட்டரும் முக்கால் லிட்டருமாக. ஒன்றுகூட நான் வாங்கியதில்லை. எல்லாம் எதிர்வீட்டு அம்மாவுடையவை. போலந்தில் இந்த ஊறுகாய் பாட்டிலுக்கு ஸ்வொயிக் என்று பெயர். வெளியூரிலிருந்து வார்சாவுக்கு வேலைக்கு வந்து, வாராவாரம் அம்மா வீட்டிலிருந்து சாப்பாட்டைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோகிற இளைஞர்களையே அந்த நகரத்துக்காரர்கள் 'ஸ்வொயிக்' என்று ஏளனமாக அழைப்பார்கள்.

நான் 2014இல் போலந்தின் கிராக்கோவ் நகரத்துக்கு வேலைக்கு வந்தேன். வாடகை குறைவு என்று அங்கே நோவா ஹூத்தா பகுதியில் வீடு பிடித்தேன். 1949இல் உருக்காலைத் தொழிலாளர்களுக்கென்றே கட்டத் தொடங்கிய நகரம் அது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குடிவந்த இரண்டாம் நாள் எதிர்க்கதவு திறந்தது. எழுபது வயது இருக்கும். கையில் ஒரு பாட்டில் வெள்ளரிக்காய். சதகுப்பையும் பூண்டும் போட்டு உப்புத் தண்ணீரில் புளிக்க வைத்தது. எனக்கு அப்போது போலிஷ் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சிரித்தார், கொடுத்தார், போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கதவைத் தட்டினார். இந்தமுறை கை காலி. "பானி, பாட்டில் எங்கே?" என்று கேட்டார். பானி என்றால் அம்மணி. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் 'நீ' போடாமல் பேச அவர்களுக்கு இருக்கும் மரியாதைச் சொல். நான் அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டிருந்தேன். சொன்னதும் அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எனக்கோ மனசுக்குள் கோபம். போலந்துப் பணத்தில் ஒரு ஸ்வோட்டி பெறாத பாட்டிலுக்கு இத்தனை கணக்கா? கிராக்கோவ்காரர்களைக் கஞ்சர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. ஆஸ்திரிய ஆட்சிக் காலத்துச் சில்லறைக் காசான சென்ட்டிலிருந்து வந்த 'ட்சென்டுஷ்' என்ற பட்டப்பெயரே அவர்களுக்கு இருக்கிறது. அலுவலகத்தில் அதைக் கேட்டபோது, சரிதான் என்று தலையாட்டினேன்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. புரிந்தது அவர் வீட்டு வரவேற்பறையில்.

அந்த அறையின் ஒரு சுவர் முழுக்க மெப்லோஷ்சியாங்கா. அலமாரி, புத்தகத் தட்டு, கண்ணாடிப் பேழை, மடக்கு மேசை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பழுப்பு மரச்சுவர். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த 1970களிலும் 80களிலும் போலந்தில் அது இல்லாத வீடே இல்லை என்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெட்டுப் படிகக் கிண்ணங்கள், கோப்பைகள். "இது எப்படி வந்தது தெரியுமா?" என்று ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அவர் கணவர் உருக்காலையில் மின்பணியாளர். பல் டாக்டர் ஒருவர் வீட்டில் மின்கம்பி வேலை செய்துகொடுத்தார், காசு வாங்கவில்லை. டாக்டரின் தங்கை மரச்சாமான் கடையில் விற்பனையாளர். லாரி எந்தச் செவ்வாய்க்கிழமை வரும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதல்நாள் இரவே வரிசையில் நிற்க வேண்டும். இவருக்கோ கைக்குழந்தை, கணவருக்கு இரவு ஷிஃப்ட். கீழ்வீட்டுக் கிழவர் குளிரில் விடியும்வரை இவர்களுக்காக நின்றார். அந்தக் கிழவருக்கு இவர்கள் இரண்டு வருஷம் தங்கள் சர்க்கரைப் பங்கில் கொஞ்சம் கொடுத்தார்கள்.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். சதுரம் சதுரமாக அச்சடித்து, பாதி கத்தரித்த ரேஷன் அட்டை. கார்ட்கி என்பார்கள். போலந்தில் 1976இல் சர்க்கரைக்கு வந்தது. 1981 ஏப்ரலில் இறைச்சிக்கும் வந்தது. அந்த டிசம்பர் 13ஆம் தேதி ராணுவச் சட்டம். பெரும்பாலோருக்கு மாதம் 2.5 கிலோ இறைச்சி என்ற கணக்கு. கறிக்கான அட்டை 1989 வரை இருந்தது. அட்டை இருந்தால் மட்டும் கறி கிடைத்துவிடாது, கடையில் சரக்கும் இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காக வரிசையில் நிற்பதே சிலருக்குத் தொழில். ஒரு மாலுஹ் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அரசே நடத்திய பெவெக்ஸ் கடைகளில் வெளிநாட்டுச் சாக்லெட்டும் ஜீன்ஸும் அடுக்கியிருக்கும். ஆனால் அங்கே டாலர் வேண்டும். சொந்த நாட்டுப் பணம் அங்கே செல்லாது.

இந்தக் காலத்தில் ஒரு வினைச்சொல் போலிஷ் மொழியையே ஆண்டது: ஸவாத்விச். ஒரு காரியத்தை ஆள் பிடித்து முடிப்பது. வாங்கினேன் என்று யாரும் சொல்லவில்லை, 'ஸவாத்விச் பண்ணினேன்' என்றார்கள். நம் ஊரிலும் ஆள் பிடித்துக் காரியம் முடிப்பது உண்டுதான். ஆனால் ஒரு சலவை இயந்திரம், குழந்தைக்குக் குளிர்கால ஷூ, கல்யாணத்துக்குப் பன்றித் தொடை எல்லாமே அப்படித்தான் வரும் என்றால்? வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஒரு முகம் இருக்கும். அந்தப் படிகக் கிண்ணத்தைத் துடைக்கும்போது அவர் பல் டாக்டரையும் கீழ்வீட்டுக் கிழவரையும் சேர்த்தே துடைக்கிறார். பாட்டிலைத் திருப்பிக் கேட்டதும் அந்தப் பழக்கத்தில்தான். காலி பாட்டில் போனால்தான் நிரம்பிய பாட்டில் வரும். நான் அதைக் குப்பையில் போட்டபோது அவர் நீட்டிய கயிற்றின் மறுமுனையை விட்டுவிட்டேன். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுக் கொடு என்று அம்மா சொல்லி வளர்ந்த எனக்கு அது தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பணத்தின் மேல் அவருக்கு நம்பிக்கையில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950 அக்டோபர் கடைசியில் அரசு பணத்தை மாற்றியது. சம்பளமும் விலையும் 100க்கு 3 என்று மாறின. கையில் வைத்திருந்த ரொக்கம் மட்டும் 100க்கு 1. அதாவது மெத்தைக்கடியில் சேர்த்து வைத்திருந்த காசில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வாரக் கடைசியில் காணாமல் போயிற்று. அவருடைய அப்பா மாடு விற்ற பணம் அப்படிப் போனதாம். அதற்கு முன்னால் போர். வார்சா நகரமே இடிந்து கிடந்தது. பிறகு 1990இல் வருஷத்துக்கு ஐந்து மடங்குக்கு மேல் விலை ஏற்றம். 1995இல் நான்கு சைபரை வெட்டி, 10,000 பழைய ஸ்வோட்டியை 1 புது ஸ்வோட்டி ஆக்கினார்கள். ஒரே ஆயுளில் இத்தனையையும் பார்த்தவர், 'பணம் சந்தோஷம் தராது' என்ற போலிஷ் பழமொழியைச் சொன்னால் அது அனுபவம்.

கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின், 1990 ஜனவரி 1 அன்று, நாட்டைச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாற்றும் பால்ட்செரோவிச் திட்டம் அமலுக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடு போயிற்று, கடைகள் நிறைந்தன. தெருவில் மடக்குக் கட்டில்களைப் போட்டு அதன்மேல் சரக்கை விரித்து விற்றார்கள். அதே வருஷ முடிவில் வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டேன். "முன்னாடி வாரத்துக்கு நாலு பேர் கதவைத் தட்டுவாங்க. ஒருத்தருக்கு மாவு வேணும், ஒருத்தர்கிட்ட வெண்ணெய் அதிகமா இருக்கும். கடையில எல்லாம் வந்தப்புறம் எதுக்குத் தட்டணும்?" என்றார். திரும்பப் போக ஆசையா என்றேன். கோபமாக, "பைத்தியமா! என் பொண்ணுக்குப் பால் பவுடர் கிடைக்காம அழுதிருக்கேன்" என்றார். இரண்டும் உண்மை. ஆள் பலம் இல்லாதவர் அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றார். கறிக்கடைப் பெண்ணிடம் காட்டிய சிரிப்பெல்லாம் நட்பும் இல்லை. நான் அந்தக் காலத்துக்காக ஏங்கவில்லை.

ஆனால் இன்று போலந்தில் 'மாதெரியாலிஸ்த்கா', அதாவது பொருளாசைக்காரி, என்று ஒரு பெண்ணைத் திட்டும்போது அந்தப் பழைய காலம்தான் பேசுகிறது என்று நினைக்கிறேன். பொருள்மேல் ஆசைப்படுவதை இங்கே யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. நல்ல காருக்கும் நல்ல வீட்டுக்கும் எல்லோரும்தான் ஆசைப்படுகிறார்கள். ஆள் வேண்டாம், பொருள் மட்டும் போதும் என்று இருப்பதாகத் தோன்றும் ஒருவரைத்தான் அந்தச் சொல் குத்துகிறது. அதே குணமுள்ள ஆணை அது அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், பழக ஆரம்பித்த ஆறாவது மாதம் காதலனிடம், "சொந்த வீடு வாங்கும் எண்ணம் உண்டா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவன் நண்பர்கள் வட்டத்தில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது. அவள் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொந்த வீட்டில் இருக்கும் நாடு இது. வாடகை வீட்டில் குழந்தை பெறப் பயப்படும் நாடு. அந்தக் கேள்வியில் என்ன தப்பு? அவளிடம் அன்றைக்கே இதைச் சொன்னேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

வீட்டையும் கல்யாணத்தையும் இங்கே பிரிக்கவே முடியாது. கல்யாணத்தைவிட வீட்டுக்கடன்தான் இருவரை இறுக்கிக் கட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2008க்கு முந்தைய சில வருஷங்களில் வட்டி குறைவு என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் சுவிஸ் பிராங்கில் கடன் வாங்கின. 2008 கோடையில் ஒரு பிராங்க் 2 ஸ்வோட்டி. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி பிராங்கின் மதிப்பு ஏறாமல் பிடித்துவைத்திருந்த தன் பிடியை விட்டதும் ஒரே காலையில் 4ஐத் தாண்டியது. அன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கணினித் திரையைப் பார்த்தபடி எழுந்து நின்றார். பிறகு உட்காரவே இல்லை. அவரும் மனைவியும் அதற்கு முந்தைய வருஷமே பிரிய முடிவெடுத்தவர்கள். வீட்டை விற்றாலும் கடன் தீராது என்பதால் இன்னும் நான்கு வருஷம் ஒரே வீட்டில், ஃபிரிட்ஜில் தட்டைப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். 2019 அக்டோபர் 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கடன் வாங்கியவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இப்படிப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வழக்குப் போட ஆரம்பித்தார்கள்.

சட்டமும் இதில் கைவைக்கிறது. போலந்தில் தாலி கட்டியதும், அதாவது பதிவாளர் முன்னாலோ சர்ச்சிலோ சம்மதம் சொன்னதும், அதன்பின் இருவரும் சம்பாதிப்பது தானாகவே இருவருக்கும் பொது. பரம்பரைச் சொத்தும் தனிப்பட்ட தானமும் தனி. வேண்டாமென்றால் நோட்டரியிடம் போய் 'இன்டெர்ட்சிஸா' எழுத வேண்டும். அதைக் கேட்பவரை, கல்யாணத்துக்கு முன்பே விவாகரத்தை நினைக்கிறவர் என்று சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். ஆனால் அதே சொந்தக்காரர்கள், மகளுக்கு ஃபிளாட் வாங்கிக் கொடுக்கும்போது மாப்பிள்ளை பெயரைச் சேர்க்காமல் மகளுக்கு மட்டும் தானப் பத்திரம் எழுதுவார்கள். பெற்றோர் பிள்ளைக்குப் பத்திரம் எழுதித் தரும் இந்தத் தானத்துக்கு வரியும் இல்லை. அப்படி ஒரு வீட்டில் பத்து வருஷம் சுவருக்கு வண்ணமடித்து, குளியலறைக்கு ஓடு பதித்த ஒரு மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்: "நான் விருந்தாளிதான்." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர் கேட்டது சுவரில் பங்கு இல்லை. தன் பெயரையும் நம்பி அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கலாமே என்பதுதான்.

2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் உடனே கதவைத் திறந்தன. 2007 முடிவில் சுமார் 23 லட்சம் போலந்துக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். நம் பழைய அகத்திணை மரபில் பொருள்வயின் பிரிவு என்று ஒரு துறை உண்டல்லவா? தலைவன் பொருள் தேடிப் பாலைநிலம் கடந்து போவான். தலைவி நாள் எண்ணிச் சுவரில் கோடு போடுவாள். இங்கே அந்தப் பாலை மலிவு விமானமாகவும் கட்டட வேலையாகவும் வந்தது. தாயும் தகப்பனும் போய்விட, பாட்டியிடம் வளர்ந்த குழந்தைகளைப் பத்திரிகைகள் 'யூரோ அனாதைகள்' என்று எழுதின. எதிர்வீட்டு அம்மாவின் பேத்தியும் அப்படித்தான் நான்கு வருஷம் இந்த மூன்றாம் மாடியில் வளர்ந்தாள். மகள் அயர்லாந்திலிருந்து பார்சல் பார்சலாகப் பொம்மையும் உடுப்பும் அனுப்புவாள். ஒரு பெட்டியைக் குழந்தை பிரிக்கவே இல்லை. அது இன்னும் பரணில் டேப் ஒட்டியபடி இருக்கிறது. அதை ஏன் தூக்கிப்போடவில்லை என்று நான் கேட்டதில்லை.

அன்பையும் காசையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்ற தவிப்பை நேராகப் பார்க்க வேண்டுமானால் மே மாதத்தில் இங்கே வர வேண்டும். எட்டொன்பது வயதுக் குழந்தைகள் சர்ச்சில் முதன்முறையாகப் புனித அப்பம் பெறும் முதல் நற்கருணை விழா அப்போதுதான். ஒரு காலத்தில் கைக்கடிகாரமும் சைக்கிளும் கொடுத்தார்கள். இப்போது மடிக்கணினி, ட்ரோன், தடித்த உறை. பெண் குழந்தைகளின் உடை ஒருவரையொருவர் மிஞ்சுவதைப் பார்த்துப் பல சர்ச்சுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி என்று வைத்துவிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை கூனிக்குறுகாமல் நிற்கிறதே, அந்த ஒரு முடிவுக்காக அந்தப் பாதிரியார்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கல்யாணத்திலும் உறைதான். நம் மொய் மாதிரி, ஆனால் மைக்கில் வாசிப்பதில்லை, நோட்டில் எழுதுவதும் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு மண்டபம் வாங்கும் விலையை, 'தாலேஷிக்' அதாவது சின்னத் தட்டு என்பார்கள், விருந்தினர் ஊகித்து, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்து உறையில் வைப்பார்கள். ஜோடியாகப் போனால் இரண்டு தட்டு. நான் முதன்முதலில் போன கல்யாணத்துக்கு என்ன வைப்பதென்று எதிர்வீட்டு அம்மாவிடம்தான் கேட்டேன். மண்டபம் எது, இரண்டாம் நாள் விருந்து உண்டா, மணமகள் எனக்கு எவ்வளவு நெருக்கம் என்று விசாரித்து ஒரு தொகை சொன்னார். பிறகு, "உன்னால முடியலைன்னா பாதி வை. ஆனா வராம மட்டும் இருந்துடாத" என்றார். 'அடகு வைத்தாவது விருந்து வை' என்று இவர்களிடம் பழமொழி உண்டு. அதற்காகக் கடன் பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். பெருமைக்குச் செய்வதா பாசத்துக்குச் செய்வதா என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

சிபோஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வாழ்க்கையில் எது முக்கியம் என்று வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறது. குடும்ப மகிழ்ச்சியும் உடல்நலமும்தான் மேலே வருகின்றன. செல்வம் எப்போதும் வெகு கீழே. இதே நிறுவனம் பொதுவாக மனிதர்களை நம்பலாமா என்று கேட்டால் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் நம்பலாம் என்கிறார்கள். தெரிந்தவர் உலகம் வேறு, தெரியாதவர் உலகம் வேறு. தெரியாதவர் பட்டியலிலிருந்து தெரிந்தவர் பட்டியலுக்கு ஒருவரை மாற்றுவதற்கு அவர்களிடம் இருக்கும் வழி, ஒரு பாட்டிலோ ஒரு கேக் துண்டோ கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த பிறகு அதை ஊரே செய்தது. எங்கள் படிக்கட்டில் முதல் மாடிக்காரர் வீட்டு ஓர் அறையில் உக்ரைனியத் தாயும் இரண்டு பிள்ளைகளும் வந்து தங்கினார்கள். அன்று மாலையே எதிர்வீட்டு அம்மா காகிதத்தில் பட்டியல் போட்டார். தள்ளுவண்டி யாரிடம், குழந்தை மருத்துவர் யாருக்குப் பழக்கம், பள்ளியில் யாருக்கு ஆள் தெரியும். இரண்டாம் மாடி இளைஞன், மூன்று வருஷமாக யாரிடமும் வணக்கம்கூடச் சொல்லாதவன், காரில் போய் மெத்தை கொண்டுவந்து போட்டான். எனக்கு அரிசி சமைக்கும் வேலை. அம்மா கைபேசியில் உரக்கப் பேசிக்கொண்டே படியிறங்குவதைக் கேட்டேன். எண்பது வயதை நெருங்கும் குரலில் அந்தப் பழைய வினைச்சொல் வாக்கியத்துக்கு வாக்கியம் வந்தது: ஸவாத்விச், ஸவாத்விச்.

அந்த வசந்தத்தில் ஒருநாள் அவர் வந்து, "இனிமே பானி வேண்டாம். பேர் சொல்லியே கூப்பிடு" என்றார். போலந்தில் அதை வயதில் மூத்தவர்தான் சொல்ல வேண்டும். பெரிய விஷயம் அது. அம்மா வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராது என்றேன். எங்கள் ஊரில் என்ன சொல்வோம் என்று கேட்டார். சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, இங்கே பிள்ளைகள் அம்மாவின் சிநேகிதியை ச்சோச்சா என்பார்கள், சித்தி என்று வைத்துக்கொள், அது சரிவருமா என்றார். ச்சோச்சா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

தலையாட்டினார். பிறகு என் தோளுக்கு மேலாகச் சமையலறையை எட்டிப் பார்த்து, "என் பாட்டில் எங்கே?" என்றார்.

மேடைக்கடியிலிருந்து இரண்டைக் கழுவி எடுத்தேன். ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு மூடியை இறுக்கினேன். மற்றொன்றில் ஒரு கைப்பிடிச் சர்க்கரை.